வாக்குகளைப் பிரித்த மூன்றாம் அணி. எல்லையை மாற்றிய தலைவர்: தேவிகுளம், பீர்மேடு, சித்தூருக்காகவும் போராடிய மார்ஷல் நேசமணி

இடுக்கி: கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளில் ஒவ்வொரு தேர்தலின்போதும் ஒரே கேள்வி எழுகிறது. இடதுசாரிக் கூட்டணியும் காங்கிரஸ் கூட்டணியும் மோதும் களத்தில் தமிழ் வாக்காளர்களை நம்பி நிற்கும் மூன்றாவது வேட்பாளர் யாருடைய வாக்குகளைப் பிரிப்பார் என்பதே அக்கேள்வி. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே மலைப்பகுதியில் இக்கேள்விக்கு வேறொரு விடை தேடியவர் மார்ஷல் நேசமணி. இரு பெரிய அணிகளுக்கும் வெளியே நின்ற ஒரு சிறு கட்சியைக் கொண்டு ஆட்சிகளைக் கவிழ்த்து, மாநில எல்லையையே மாற்றிய அவரது வாழ்க்கை, மூன்றாம் அணியின் வலிமையையும் அதற்குரிய விலையையும் ஒருங்கே காட்டுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குமரித் தந்தை என்று போற்றப்படும் நேசமணி, எல்லையின் மறுபக்கத்தில் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. ஆனால் அவரது கட்சி கேட்ட ஒன்பது தாலுகாக்களில் இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளமும் பீர்மேடும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூரும் அடங்கும்.

முக்காலியை மறுத்த வழக்கறிஞர்

நேசமணி 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்த பள்ளியாடியில் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபரில்தான் பீர்மேடு மலைப்பகுதியில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே பாய்ந்த பெரியாற்று நீரை மதுரைச் சீமைக்குத் திருப்பிய அந்த அணை நிற்கும் தாலுகாவுக்காகத் தாம் பிற்காலத்தில் போராடப்போவதை அக்குடும்பம் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஆட்சியும் அலுவலகமும் மலையாளத்தில் நடந்தன. தெற்குத் தாலுகாக்களில் வாழ்ந்த தமிழருக்கு மொழிச் சிக்கலோடு சாதிக் கொடுமையும் சேர்ந்திருந்தது. சட்டம் பயின்று நாகர்கோவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகச் சேர்ந்த நேசமணி முதல் நாளிலேயே அதை எதிர்கொண்டார். உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போடப்பட்டிருந்ததாகவும், அவர் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்ததாகவும் குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் என்ற பெயரும், நாகர்கோவில் நகராட்சித் தலைவர் பொறுப்பும் அவரை மக்கள் தலைவராக உயர்த்தின. தமிழர் பகுதிகளைச் சென்னை மாகாணத்துடன் இணைக்கும் நோக்கில் 1945ஆம் ஆண்டு இறுதியில் நாகர்கோவிலில் தொடங்கப்பட்ட அமைப்பு, மறு ஆண்டில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1947ஆம் ஆண்டு செப்டம்பரில் நேசமணி அதில் இணைந்தார். அதன் பிறகு அவ்வியக்கத்தின் முகமாக அவரே விளங்கினார்.

பெயரில் காங்கிரஸ், களத்தில் எதிரணி

கட்சியின் பெயரில் காங்கிரஸ் இருந்தாலும் அது அகில இந்திய காங்கிரஸின் கிளை அன்று. சமஸ்தானத்தின் பெரிய கட்சியான திருவிதாங்கூர் மாநில காங்கிரஸ், தமிழர் தாலுகாக்கள் பிரிந்து செல்வதை எதிர்த்தது. ஆகவே விடுதலை இயக்கத்தின் வாக்குகள் தமிழர் பகுதிகளில் இரண்டாகப் பிரிந்தன.

வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை அளித்து 1948ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைபெற்ற திருவிதாங்கூர் தேர்தலில் மாநில காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்றது. ஆயினும் தமிழர் பகுதிகளில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைக் கைப்பற்றியது. அத்தேர்தலையொட்டிய மோதல்களில் காவல் துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் மங்காடு தேவசகாயமும் கீழ்குளம் செல்லையாவும் உயிரிழந்தனர். இணைப்புப் போராட்டத்தின் முதல் உயிர்ப்பலிகளாக இவ்விருவரும் நினைவுகூரப்படுகின்றனர்.

1949ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றிணைந்து ஒரே மாநிலம் ஆயின. இதனால் கொச்சிக்கு உட்பட்டிருந்த சித்தூரும் அதே மாநிலத்திற்குள் வந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது தாலுகாக்களையும் தமிழகத்துடன் சேர்க்க வேண்டும் என்பது கட்சியின் கோரிக்கையாக வடிவம் பெற்றது.

மூன்றாவது வேட்பாளர் செய்வது என்ன?

அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற தேர்தல் முறையில் பாதிக்கு மேல் ஆதரவு பெற வேண்டிய கட்டாயம் இல்லை. கருத்தால் நெருங்கிய இருவர் போட்டியிட்டால் அவர்களுடைய வாக்குகள் சிதறி, இருவருக்கும் எதிரானவர் வெற்றி பெறலாம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் 537 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அங்கு மூன்றாம் வேட்பாளரான ரால்ப் நாடர் பெற்றவை 97 ஆயிரத்துக்கும் அதிகம். அல் கோரின் தோல்விக்கு நாடரே காரணம் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இச்சிக்கலைத் தவிர்க்க விருப்ப வரிசை முறை பின்பற்றப்படுகிறது. 1969ஆம் ஆண்டு வி.வி.கிரி, சஞ்சீவ ரெட்டி, சி.டி.தேஷ்முக் ஆகியோர் முதன்மையாகப் போட்டியிட்டபோது முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. பின்தங்கிய வேட்பாளர்களின் இரண்டாம் விருப்ப வாக்குகள் பங்கிடப்பட்ட பின்னரே கிரியின் வெற்றி உறுதியானது.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அத்தகைய இரண்டாம் வாய்ப்பு வாக்காளருக்கு இல்லை. எனவே மூன்றாம் அணியின் பயன் அதன் வாக்குகள் எங்கே திரண்டுள்ளன என்பதைப் பொறுத்தது. மாநிலம் முழுவதும் சிதறிக் கிடந்தால் அவை பிறரின் வெற்றி தோல்வியை மட்டுமே தீர்மானிக்கும். சில தொகுதிகளில் குவிந்திருந்தால் இடங்களாக மாறும். நேசமணியின் கட்சிக்குத் தெற்குத் தாலுகாக்களில் இந்தக் குவிப்பு இருந்தது. அதுவே அவரது பலம்.

எட்டுப் பேரின் கையில் ஓர் ஆட்சி

நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தின் 108 இடங்களில் காங்கிரஸ் 44 இடங்களில் வென்று தனிப் பெரும் கட்சியானது. ஆனால் பெரும்பான்மைக்கு 55 பேர் தேவைப்பட்டனர். எட்டு இடங்களைப் பெற்றிருந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் ஆதரவு ஏ.ஜே.ஜான் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவைக்கு இன்றியமையாததாயிற்று.

இணைப்புக் கோரிக்கையில் முன்னேற்றம் ஏற்படாததால் அந்த ஆதரவு நீடிக்கவில்லை. 1953ஆம் ஆண்டு செப்டம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஜான் அமைச்சரவை தோற்றது. 1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்ற தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எட்டிலிருந்து 12 இடங்களுக்கு உயர்ந்தது. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் கட்சி 23, பிரஜா சோசலிஸ்ட் கட்சி 19, புரட்சி சோசலிஸ்ட் கட்சி 9 இடங்களைப் பெற்றன.

மொத்தம் 117 இடங்கள். பெரும்பான்மைக்கு 59 தேவை. காங்கிரஸும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் சேர்ந்தாலும் 57 மட்டுமே. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருவதைத் தடுக்க விரும்பிய காங்கிரஸ், வெறும் 19 உறுப்பினர்களைக் கொண்ட பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளைக்கு வெளியிலிருந்து ஆதரவளித்தது. அவர் முதலமைச்சரானார்.

மூன்றாம் அணிகளுக்கு வரலாறு அடிக்கடி கற்பிக்கும் பாடம் நேசமணிக்கும் இங்கே கிடைத்தது. பேச்சுவார்த்தைக்கு ஓரளவேனும் இடம் கொடுத்த ஆட்சி வீழ்ந்தது. அதன் இடத்தில் தமிழர் கோரிக்கையை மேலும் கடுமையாக எதிர்த்த ஆட்சி அமர்ந்தது. இதன் முதல் அடி விழுந்தது தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளர்கள் மீது.

மூணாறில் கைது

தேவிகுளம், பீர்மேடு மலைகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களைத் தங்கள் உழைப்பால் உருவாக்கியவர்களில் பெரும்பான்மையோர் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். தலைமுறைகளாகத் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்த அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. வேலை போனால் வீடும் போகும் நிலையில் இருந்த அத்தொழிலாளர்கள், இணைப்பு இயக்கத்தின் பக்கம் திரண்டது தோட்டங்களிலும் அரசிலும் கலக்கத்தை ஏற்படுத்தியது.

1954ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அங்கு கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் தடை விதிக்கப்பட்டது. தொழிலாளர்களும் கட்சி நிர்வாகிகளும் கைது செய்யப்பட்டனர். மக்களவை உறுப்பினராக இருந்த நேசமணி, மாநிலங்களவை உறுப்பினர் அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோருடன் ஜூலை மாதம் மூணாறுக்குச் சென்று தடையை மீறிக் கைதானார். குமரிக் கடலோரத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்த மலைத் தொழிலாளரின் சிக்கலைத் தம் சிக்கலாக ஏற்ற செயலாக அது அமைந்தது.

அடக்குமுறையைக் கண்டித்து ஆகஸ்ட் 11ஆம் தேதி தெற்குத் தாலுகாக்களில் போராட்ட நாள் கடைப்பிடிக்கப்பட்டது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல் துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பலர் உயிரிழந்தனர், ஏராளமானோர் காயமடைந்தனர். சிறிய எல்லைக் கட்சியின் போராட்டம் அகில இந்திய அரசியலையே உலுக்கியது. பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் முதலமைச்சரே பதவி விலக வேண்டும் என்று கோரினார். தாணு பிள்ளை மறுத்தார். இதில் தொடங்கிய பிளவு, லோகியா தனிக் கட்சி காணும் வரை சென்றது.

அதே காலத்தில் மலைப்பகுதியில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் சமவெளியிலிருந்து மலையாள விவசாயக் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டு நிலம் வழங்கப்பட்டது. நெடுங்கண்டம் அருகே கல்லாறில் உருவான குடியிருப்பு இன்றளவும் பட்டம் காலனி என்றே அழைக்கப்படுகிறது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதே நோக்கம் என்று அரசு கூறியது. மக்கள்தொகை விகிதத்தை மாற்றுவதே உண்மை நோக்கம் என்று தமிழர் தரப்பு கருதியது.

கவிழ்த்தவர்களே கரம் கோத்தனர்

1955ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை முன்வைத்தது. காங்கிரஸ் தன் ஆதரவைத் திரும்பப் பெற்றுத் தீர்மானத்தை ஆதரிக்கவே, தாணு பிள்ளை அமைச்சரவை வீழ்ந்தது. அடுத்துப் பொறுப்பேற்ற பனம்பிள்ளி கோவிந்த மேனனின் காங்கிரஸ் ஆட்சிக்கு நேசமணியின் கட்சி ஆதரவளித்தது. ஈராண்டுகளுக்கு முன் எந்தக் கட்சியின் ஆட்சி வீழ வழிவகுத்ததோ அதே கட்சியுடன் மீண்டும் உடன்பாடு ஏற்பட்டது. அணி மாறினாலும் கோரிக்கை மாறவில்லை. தொகுதி மக்களும் அதனாலேயே கட்சியைக் கைவிடவில்லை.

நான்கும் ஒரு பகுதியும் வந்தன, மலைகள் வரவில்லை

பசல் அலி தலைமையில் எச்.என்.குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி அறிக்கை அளித்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்க அது பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை மறுக்கப்பட்டன.

தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர் என்பதை ஆணையமும் அறிந்திருந்தது. எனினும் அவர்களில் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்காக வந்து செல்லும் நிலையற்ற மக்கள் என்று அது கருதியது. தேயிலை, ஏலம், நீர்மின் திட்டங்கள் ஆகியவற்றால் இத்தாலுகாக்கள் கேரளப் பொருளாதாரத்திற்கு முக்கியமானவை என்பதும் காரணமாகக் காட்டப்பட்டது.

ஒன்பது தாலுகாக்களும் வேண்டும் என்று நேசமணி மக்களவையில் வலியுறுத்தினார். மத்திய அரசு எல்லையை மாற்றவில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி நான்கு தெற்குத் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் இணைந்தன. செங்கோட்டையின் மலைப்பகுதி கேரளத்திலேயே நின்றுவிட, எஞ்சிய பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது.

நேசமணிக்கு வெற்றியும் தோல்வியும் ஒரே நாளில் வந்தன. நிலமும் வாக்கும் ஒரே இடத்தில் வேரூன்றியிருந்த தெற்கில் அவரது மூன்றாம் அணி இலக்கை எட்டியது. வாக்கு இருந்தும் நிலம் இல்லாத தேவிகுளத்திலும், தமிழர் சிறுபான்மையினராக இருந்த சித்தூரிலும் அந்த வழி பயனளிக்கவில்லை.

கட்சியைக் கலைத்த தலைவர்

இணைப்பு நிறைவேறியதும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்திய தேசிய காங்கிரஸுடன் இணைந்தது. நோக்கம் நிறைவேறிய பின்பு கட்சியைப் பதவிக்காகத் தொடர்ந்து நடத்த நேசமணி விரும்பவில்லை. 1957ஆம் ஆண்டு கிள்ளியூர் தொகுதியிலிருந்து சென்னை மாநிலச் சட்டமன்றத்திற்கு அவர் தேர்வானார். 1962, 1967 தேர்தல்களில் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் வென்றார். 1967இல் திமுக அலையில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் காங்கிரஸ் மூன்றில் மட்டுமே வெற்றி பெற்றது. அவற்றுள் ஒன்று நாகர்கோவில்.

1968ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, 73ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பாக நேசமணி காலமானார். அதனால் 1969ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடந்த இடைத்தேர்தலில் நாகர்கோவில் மக்கள் காமராஜரை மக்களவைக்கு அனுப்பினர். விருதுநகரில் தோற்ற காமராஜருக்கு, நேசமணி வளர்த்த தொகுதி மறுவாழ்வு தந்தது.

எல்லையில் எஞ்சிய கேள்வி

கேரளத்தில் எஞ்சிய தமிழர் பகுதிகளில் மூன்றாம் அணியின் கதை வேறு விதமாகத் தொடர்ந்தது. 1957ஆம் ஆண்டு பாலக்காடு மாவட்டமும், 1972ஆம் ஆண்டு இடுக்கி மாவட்டமும் உருவாயின. தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் தொழிற்சங்கங்களின் வழியே கம்யூனிஸ்ட், காங்கிரஸ் அணிகளுக்குப் பிரிந்து சென்றன. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழில் பாடிப் பரப்புரை செய்தவர் பாவலர் வரதராஜன்.

பிற்காலத்தில் தமிழகக் கட்சிகள் இங்கு வேட்பாளர்களை நிறுத்தின. 2016ஆம் ஆண்டு தேவிகுளத்தில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் 5,782 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அதிமுக வேட்பாளர் பெற்ற வாக்குகள் 11 ஆயிரத்தைத் தாண்டின. பீர்மேட்டில் வெற்றி வித்தியாசம் வெறும் 314. அங்கும் அதிமுக பெற்ற வாக்குகள் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அவ்வாக்குகள் ஓர் இடத்தையும் பெற்றுத் தரவில்லை. ஆட்சி அமைப்பதில் பேரம் பேசும் வலிமையையும் அளிக்கவில்லை.

வந்து செல்லும் மக்கள் என்று 1955இல் சூட்டப்பட்ட அடையாளமும் முற்றிலும் மறையவில்லை. 2021ஆம் ஆண்டு தனித் தொகுதியான தேவிகுளத்தில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.ராஜா, சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவரது பட்டியல் சாதித் தகுதியை ஏற்க மறுத்து 2023இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாது என அறிவித்தது. அவருடைய முன்னோர் 1950ஆம் ஆண்டுக்கு முன்பே இம்மண்ணில் குடியேறியவர்களா என்பது வழக்கின் முக்கியக் கேள்விகளுள் ஒன்றாக அமைந்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து அவரது வெற்றியை உறுதிப்படுத்தியது.

நாகர்கோவிலில் நேசமணியின் நினைவைப் போற்றும் மணிமண்டபம் உள்ளது. நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் அவரை நன்றியுடன் நினைவுகூர்கிறது. அதே நாளைக் கேரளம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. நேசமணி தடையை மீறிக் கைதான மூணாறில், அன்று போராடிய தொழிலாளர்களின் பேரக்குழந்தைகள் கேரள வாக்காளர்களாகத் தேயிலை பறிக்கின்றனர். தங்கள் வாக்கு யாரைத் தோற்கடிக்கும் என்பதைவிட, தங்களுக்கு எதைப் பெற்றுத் தரும் என்பதே அவர்கள் முன் இன்றும் நிற்கும் கேள்வி.